புரையேறும்போது யார் நினைக்கிறார்கள்?



உண்ணும்போது ஒருவருக்குப் புரையேறினால், "யாரோ உன்னை நினைக்கிறார்கள்" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வீடுகளில் காலங்காலமாக இருந்துவரும் பழக்கம். அதற்கு மார்க்கத்திலும் ஆதாரம் இல்லை. மருத்துவத்திலும் ஆதாரம் இல்லை. ஆயினும் சென்னைப் புறநகரில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில், நண்பகல் உணவு வேளையில், அந்தச் சொல் நம் நினைவுக்கு வந்தது. வந்து நம்மைத் தலைகுனியச் செய்தது.

நமக்குத் தெரிந்த குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். மறதி நோய் முற்றி, பெற்ற பிள்ளைகளின் பெயர்களையும் இழந்துவிட்டவர். மகன்கள் இருவரும் வளைகுடா நாட்டில் பணிபுரிகின்றனர். கட்டிலில் பாதி சாய்ந்த நிலையில் அவரை வைத்து, பணிப்பெண் ஒருவர் நின்றபடியே சாம்பார் சோற்றைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது கரண்டிக்குப் பிறகு அந்த உம்மா வாயை மூடிக்கொண்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "தினமும் இதே அடம்தான்" என்றபடி பணிப்பெண் கன்னங்களை அழுத்தி, வாயைத் திறந்து, அடுத்த கரண்டியைச் செலுத்தினார். புரையேறியது. முகம் சிவந்து, கண்ணீர் வழிய, அவர் இருமி அடங்கச் சில நிமிடங்கள் ஆயின. பிறகு தட்டு எடுக்கப்பட்டது. பதிவேட்டில் 'மதிய உணவு எடுத்துக்கொண்டார்' என்று எழுதப்பட்டது. அதே செய்தி மகன்களின் வாட்ஸ்அப்புக்கும் சென்றிருக்கும். அவர்களும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று பதில் அனுப்பியிருப்பார்கள்.

அந்தப் பணிப்பெண்ணைக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. அந்த ஒரு மணி நேரத்துக்குள் அவர் ஊட்ட வேண்டியவர்கள் ஆறு பேர். நம் வழக்கு, "அடம்", "ஆளில்லை", "டியூப் போட்டுவிடலாம்" என்னும் மூன்று சொற்களோடுதான். இல்லங்கள் அவற்றைச் சொல்கின்றன. பிள்ளைகளாகிய நாம் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறோம். அம்மூன்றையும் ஏற்கலாகாது என்பதே நாம் சொல்ல வருவது.

அடம் என்னும் பழி

மறதி நோய் என்றவுடன், பெயர் மறப்பதும் வழி மறப்பதும் மட்டுமே நம் எண்ணத்தில் எழுகின்றன. நோய் முற்றும்போது கை உண்ண மறக்கிறது. வாய் மெல்ல மறக்கிறது. இறுதியில் தொண்டை விழுங்க மறக்கிறது. நாம் எண்ணிப்பாராமல் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான முறை செய்யும் விழுங்குதல் என்பது உண்மையில் மிக நுட்பமான ஒரு செயல். நாக்கு உணவைத் திரட்டிப் பின்னுக்குத் தள்ள வேண்டும். குரல்வளை மேலெழ வேண்டும். மூச்சுக்குழாயின் வாய் அடைபட வேண்டும். மூச்சு ஒரு கணம் நிற்க, உணவுக்குழாயின் வாய் திறக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு நொடிக்குள் இவையனைத்தும் ஒழுங்கு தவறாமல் நடந்தாக வேண்டும். அந்த ஒழுங்கைக் காக்கும் மூளையே நலிந்துபோனால், சோறு கன்னத்தின் ஓரத்தில் அப்படியே தங்கிவிடுகிறது. தண்ணீர் வழி தவறி மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. சிலருக்கு இருமல்கூட வருவதில்லை. வெளியே ஓசையின்றி உள்ளே நுரையீரலில் சேரும் அந்த உணவும் உமிழ்நீரும் நிமோனியாவாக மாறுகின்றன.

அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் 22 பராமரிப்பு இல்லங்களில், மறதி நோய் மிக முற்றிய நிலையில் இருந்த 323 பேரை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2009ஆம் ஆண்டில் வெளியானது. அவர்களில் 100க்கு 86 பேருக்கு உண்பதில் சிக்கல் ஏற்பட்டது. 41 பேரை நிமோனியா தாக்கியது. பாதிக்கும் மேற்பட்டோர் அக்காலத்துக்குள்ளேயே இறந்தனர். 100க்கு 86 பேரும் அடம் பிடிப்பவர்களா? உண்ண இயலாமை இந்நோயின் ஒரு கட்டம் என்பதை ஏற்க இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்வதாக 2023ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு கூறுகிறது. ஆகவே இது எங்கோ யாருக்கோ நேரும் துன்பமன்று.

வாயை மூடிக்கொள்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. பொருந்தாத பல்செட், வாய்ப்புண், மலச்சிக்கல், காய்ச்சல் ஆகியவை பசியைக் கொல்லும். இரவில் அமைதியாக உறங்கவேண்டும் என்பதற்காகத் தரப்படும் சில மருந்துகள் பகலிலும் மயக்கத்தை நீட்டித்து, வாயை உலரச் செய்து, விழுங்குவதைக் கடினமாக்கும். பார்வை மங்கியவருக்கு வெள்ளைத் தட்டில் இருக்கும் வெள்ளைச் சோறு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். பாஸ்டனில் 9 பேரைக் கொண்டு நடத்தி 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், பளிச்சென்ற சிவப்பு நிறத் தட்டும் கோப்பையும் தந்தபோது அவர்கள் உண்ட அளவும் பருகிய அளவும் தெளிவாகவே கூடின. தட்டை மாற்றிப் பார்ப்பதற்கு எவ்வளவு செலவாகிவிடும்?

நம் வீட்டுப் பெரியவர்களுக்கே உரிய காரணங்களும் இருக்கின்றன. 70 ஆண்டுகள் வலக்கையால் பிசைந்து உண்டவருக்குக் கரண்டி அந்நியமானது. இடக்கையால் நீட்டப்படும் உணவை அவர் மறுக்கலாம். 'இது ஹலாலா?' என்னும் ஐயம், சொல்லத் தெரியாத நிலையிலும் உள்ளத்தின் அடியில் இருக்கலாம். ரமளானில், தாம் நோன்பு வைத்திருப்பதாக நினைத்து, பாங்கு ஒலிக்கவில்லையே என்று வாய் திறக்காமல் இருக்கலாம். அறிவு நீங்கியவர் மீது நோன்பு கடமையில்லை என்பதை நாம் அறிவோம், அவர் அறியார். அப்போது தேவைப்படுவது அதட்டல் அன்று. அருகில் அமர்ந்து, 'பாங்கு சொல்லியாச்சு உம்மா, பிஸ்மில்லாஹ்' என்று சொல்லும் ஒரு குரல். அதைச் சொல்ல அந்த இல்லத்தில் யார் இருக்கிறார்கள்? அல்லது அதைச் சொல்லும்படி அங்குள்ளவர்களுக்கு நாம் என்றாவது சொல்லிக்கொடுத்தோமா?

இங்கே நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது நடந்த ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரீயில் பதிவாகியுள்ளது. நபியவர்களின் வாயோரத்தில் குடும்பத்தார் மருந்து ஊற்றினார்கள். வேண்டாமென்று அவர்கள் சைகை செய்தும், நோயாளிக்கு மருந்தின் மீது இருக்கும் வெறுப்புத்தான் இது என்று கருதி ஊற்றிவிட்டார்கள். தெளிவு வந்தபோது நபியவர்கள் அதைக் கண்டித்தார்கள்; அந்நிகழ்வில் பங்கு கொள்ளாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர, வீட்டிலிருந்த ஒவ்வொருவருக்கும் அம்மருந்து அவ்வாறே புகட்டப்பட வேண்டும் என்றார்கள். நபியவர்களின் நிலையை எவரோடும் நாம் ஒப்பிடவில்லை. படிப்பினை மட்டும் தெளிவானது. நோயாளியின் சைகையும் ஒரு சொல்தான். அன்பினால் செய்தாலும் அதை மீறி வாயில் ஊற்றுவது கண்டிக்கப்பட்ட செயல். திருப்பிக்கொண்ட முகத்தை 'அடம்' என்று மொழிபெயர்க்கும் உரிமையை நமக்கு யார் தந்தது?

அறிவு நீங்கியவருக்கு, அது திரும்பும்வரை எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்று நபிமொழி கூறுகிறது. வானவர் எழுதுகோலை உயர்த்திய பின்னும், நாம் பதிவேட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆளில்லை என்னும் பதில்

விழுங்குவதில் சிக்கல் உள்ள ஒருவருக்குப் பாதுகாப்பாக ஊட்டி முடிக்க அரை மணி நேரமாவது வேண்டும். பலருக்கு அதற்கும் மேல் ஆகும். ஆறு பேருக்கு ஒரே பணிப்பெண் என்றால் மூன்று மணி நேரம். உணவு வேளையோ ஒரு மணி நேரம். அப்படியானால் தலைக்குப் பத்து நிமிடம். மீதி இருபது நிமிடத்தைத்தான் கன்னத்தை அழுத்தும் விரல்கள் ஈடுகட்டுகின்றன. ஊட்டும் கைகளுக்கான சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் இல்லம், அந்த மிச்சத்தை நம் பெற்றோரின் நுரையீரலில் இருந்து எடுக்கிறது.

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும்? முதியவர் நன்கு விழித்திருக்க வேண்டும். அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டலாகாது. கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் ஆகியவை உரிய இடத்தில் இருக்க வேண்டும். முதுகை நிமிர்த்தி, கூடுமானவரை நாற்காலியில் அமர்த்த வேண்டும். ஊட்டுபவர் எதிரே, அவர் கண் மட்டத்தில் அமர வேண்டும்; நின்றுகொண்டு ஊட்டினால் உண்பவர் தலையை அண்ணாந்து தூக்குவார், தொண்டை வழி தவறும். தொலைக்காட்சி ஓய்ந்திருக்க வேண்டும். சிறு கரண்டியில் சிறிதளவு. குரல்வளை ஏறி இறங்குவதைக் கண்ட பிறகே அடுத்தது. கன்னத்தில் உணவு தங்கியிருக்கிறதா என்று இடையிடையே பார்க்க வேண்டும். கை இன்னும் அசையுமானால், அவர் கையில் உணவைத் தந்து, நம் கையை அதன் கீழ்ப் பிடித்து வாய்க்குக் கொண்டுசெல்ல உதவுவது நல்லது. தன் கையால் உண்ணும் கண்ணியம் அதில் எஞ்சியிருக்கும். உண்டபின் அரை மணி நேரம் படுக்கவைக்கலாகாது.

உணவின் பதமும் முக்கியம். நீரும் பருக்கையும் கலந்த உணவுதான் இவர்களுக்கு மிகக் கடினம், ஏனெனில் நீர் முந்தி ஓடிவிடும், பருக்கை வாயில் நின்றுவிடும். ரசம் சோறும், பாலில் மிதக்கும் இடியாப்பமும், நீர்த்த நோன்புக் கஞ்சியும் இவ்வகையைச் சேர்ந்தவை. அதே கஞ்சியைப் பருக்கையின்றி மசித்து, கெட்டியாக, கறியின் சுவையோடு தந்தால் பலருக்கு எளிதாக இறங்கும். உணவுக்கும் பானத்துக்கும் 0 முதல் 7 வரை பதங்களை வகுத்த உலகளாவிய அளவுமுறை ஒன்று இன்று இருக்கிறது. யாருக்கு எந்தப் பதம் என்பதை விழுங்குதல் சிகிச்சை அறிந்த நிபுணர் சோதித்துச் சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் எல்லாருக்கும் எல்லாவற்றையும் மிக்சியில் அடித்துத் தருவதும் அநீதிதான். மீனும் சோறும் ஆணமும் ஒரே கூழாகிச் சாம்பல் நிறத்தில் வந்தால், நினைவிருக்கும் நாமே உண்ணமாட்டோம். பானங்களைக் கெட்டியாக்கும் தூளும் அவ்வாறே. சுவை பிடிக்காமல் குறைவாகப் பருகி, உடலில் நீர் வற்றிப்போவோர் உண்டு.

வாயின் தூய்மையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஜப்பானில் 11 பராமரிப்பு இல்லங்களில் இரண்டாண்டுகள் நடந்த ஆய்வொன்றில், முறையாகப் பல்லும் வாயும் துலக்கப்பட்டவர்களில் 100க்கு 11 பேருக்கு நிமோனியா வந்தது. அவ்வாறு செய்யப்படாதவர்களில் 19 பேருக்கு வந்தது. வாயில் பெருகிய கிருமிகளே உமிழ்நீரோடு நுரையீரலுக்குச் செல்கின்றன என்பதே காரணம். மிஸ்வாக்கின் சிறப்பைப் பயான்களில் கேட்டு வளர்ந்த சமுதாயம் நாம். நபியவர்களின் இறுதி நேரத்தில், ஆயிஷா (ரலி) அவர்கள் மிஸ்வாக்கைத் தம் பல்லால் மென்று மென்மையாக்கிக் கொடுத்ததையும், அவர்கள் அதனால் பல் துலக்கியதையும் நாம் அறிவோம். அந்த சுன்னத்தைப் பேணும் பிள்ளைகளில் எத்தனை பேர், 'என் உம்மாவின் வாயை யார் துலக்கிவிடுகிறார்கள்?' என்று இல்லத்தில் கேட்டிருக்கிறோம்?

குழாய் அன்பின் சான்றாகுமா?

ஊட்டுவது கடினமானவுடன் வரும் மூன்றாவது சொல், 'டியூப்'. மூக்கு வழியாகவோ, வயிற்றில் துளையிட்டோ குழாய் வைத்து உணவைச் செலுத்துவது. இல்லத்துக்கு அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது. பிள்ளைகளுக்கோ அது ஓர் அச்சத்தைத் தீர்க்கிறது: 'பெற்ற தாயைப் பட்டினி போட்டார்கள் என்று ஊர் பேசுமே!' ஆக, நோயாளியின் நலனைத் தவிர மற்ற எல்லாருடைய நலனும் அங்கே பேசப்படுகிறது.

மறதி நோய் மிக முற்றியவர்களுக்குக் குழாயால் ஆயுள் கூடுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று, உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2009ஆம் ஆண்டிலும், மீண்டும் 2021ஆம் ஆண்டிலும் கண்டறிந்தது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014ஆம் ஆண்டில், இந்நிலையில் உள்ளவர்களுக்குக் குழாயைப் பரிந்துரைக்க வேண்டாம், கவனத்தோடு கையால் ஊட்டுவதே தக்கது என்று நிலைப்பாடு எடுத்தது. குழாய் நிமோனியாவையும் தடுப்பதில்லை. உமிழ்நீரும் வயிற்றிலிருந்து மேலேறி வருவதும் வழி தவறிக்கொண்டேதான் இருக்கும். அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் இந்நோய் முற்றியவர்களுக்குக் குழாய் வைப்பது 2000ஆம் ஆண்டில் 11.7 விழுக்காடாக இருந்து 2014ஆம் ஆண்டில் 5.7 விழுக்காடாகக் குறைந்தது.

குழாய் ஏனென்று புரியாதவர் அதைப் பிடுங்குவார். பிடுங்கியவரின் கைகளைக் கட்டிலோடு கட்டுவார்கள். துஆவுக்காக ஏந்திப் பழகிய கைகள், நம்மைக் குளிப்பாட்டிய கைகள் அவை. வாயில் சுவை இல்லை. எதிரில் ஊட்டும் முகமும் இல்லை. 'உம்மாவுக்குக் குறையொன்றும் வைக்கவில்லை' என்று நாம் ஊராரிடம் சொல்லிக்கொள்கிறோம்.

தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். பக்கவாதம் வந்தவர், தீர்க்கக்கூடிய நோயால் சில காலம் விழுங்க இயலாதவர் ஆகியோருக்குக் குழாய் உயிர்காக்கும் சிகிச்சையாக அமையலாம். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆகவே மருத்துவரின் விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நம்பகமான ஆலிமையும் கலந்துகொள்ள வேண்டும். அதைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பதறியபடி செய்யாமல், நோய் அறியப்பட்ட நாளிலேயே தொடங்க வேண்டும்.

குழாய் வேண்டாம் என்பதற்குப் பட்டினி போடுங்கள் என்பது பொருளன்று. அவர் ஏற்கும்வரை, ஏற்கும் அளவு, அவர் விரும்பும் சுவையில் ஊட்டிக்கொண்டே இருங்கள் என்பதே பொருள். இப்போது மறுத்தால் ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் நீட்டுங்கள். இரண்டு கரண்டியோடு நிறுத்தினால் அந்த இரண்டுக்கு நன்றி செலுத்துங்கள். மரணம் நெருங்கும்போது உடல் உணவைத் தானாகவே விலக்கத் தொடங்கும். அந்நேரத்தில் நம் முன்னோர் செய்ததுபோல் உதடுகளையும் நாவையும் சிறிது நீரால் நனைத்துக்கொண்டு, கலிமாவைக் காதருகே சொல்லிக்கொண்டு உடன் இருங்கள். குழாய் இந்த உடனிருப்பைத் தராது.

கேள்வி நம்மிடமே திரும்புகிறது

'இல்லத்தில் சேர்த்ததே குற்றம்' என்று நாம் சொல்லவில்லை. ஒற்றை மருமகளின் முதுகில் இரவு பகல் பராமரிப்பை ஏற்றிவிட்டு, தாயின் பாதத்தடியில் சொர்க்கம் என்று பேசும் ஆண்களைவிட, நல்ல இல்லத்தைத் தேடியவர்கள் நேர்மையானவர்கள். வீட்டிலும் இதே அவசரக் கரண்டி இருக்கலாம். ஆனால் இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? ஏசி உண்டா, தொழ இடம் உண்டா, ஹலால் உணவா, மாதம் எவ்வளவு? இவை தேவையான கேள்விகளே. இவற்றோடு கேளுங்கள்: நண்பகலில் ஒரு பணியாளர் எத்தனை பேருக்கு ஊட்டுகிறார்? அமர்ந்து ஊட்டுகிறாரா? மாதந்தோறும் எடை பார்த்து எழுதுகிறீர்களா? புரையேறினால் மருத்துவருக்குச் சொல்கிறீர்களா? வாயை யார் துலக்குகிறார்கள்? நாங்கள் வந்து ஊட்டலாமா? கடைசிக் கேள்விக்கு 'கூடாது' என்று சொல்லும் இல்லத்திலிருந்து அன்றே திரும்பிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களே! உங்கள் காணொளி அழைப்பு உணவு வேளையில் வர வேண்டாம். வாயில் கவளத்தோடு இருப்பவரிடம் 'உம்மா, என்னைத் தெரியுதா?' என்று கேட்டால், பதில் சொல்ல முயலும்போதே புரையேறும். உங்களால் வர இயலாதெனில், உணவு வேளைக்கு மட்டும் ஓர் ஆளை அமர்த்த முடியுமா என்று பாருங்கள். அவர் விரும்பி உண்டவற்றை, அவர் பேச்சு வழக்கை, எந்தச் சொல்லுக்கு வாய் திறப்பார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டச் செய்யுங்கள்.

ஜமாஅத்தாரே! ரமளானில் பள்ளிதோறும் கஞ்சி காய்ச்சுகிறோம். ஊரில் உள்ள இல்லங்களில் நம் முதியவர்கள் எத்தனை பேர் என்னும் கணக்கு நம்மிடம் இருக்கிறதா? முறை வைத்து, நாளுக்கு இருவர், உணவு வேளையில் சென்று அமர்ந்து ஊட்ட இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் ஒருநாள் பயிற்சி தந்தால் போதுமே! பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்கு உணவும் உறைவிடமும் மருத்துவமும் பெற்றுத்தர வழி செய்கிறது. உணவைச் சட்டம் பெற்றுத்தரும். பொறுமையோடு ஊட்டும் கையை எந்தச் சட்டத்தாலும் பெற்றுத்தர இயலாது.

முஸ்லிமில் பதிவான ஹதீஸ் குத்ஸி ஒன்றை நாம் அனைவரும் அறிவோம். நோயுற்றவரை விசாரிக்காததையும், உணவு கேட்டவருக்கு உணவளிக்காததையும், நீர் கேட்டவருக்கு நீர் புகட்டாததையும் பற்றி மறுமையில் அல்லாஹ் தனித்தனியே வினவுவான் என்பது அதன் கருத்து. அவர்களை மூன்று வெவ்வேறு மனிதர்களாகவே நாம் எண்ணிவந்தோம். அந்த இல்லத்தின் கட்டிலில் நோயும் பசியும் தாகமும் ஒரே உம்மாவிடம் சேர்ந்திருக்கக் கண்டோம். கேட்கும் மொழியையும் இழந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார்.

அடுத்த முறை அவருக்குப் புரையேறும்போது, யாரோ நினைக்கிறார்கள் என்பது பொய்யாகாதிருக்கட்டும்.

யா அல்லாஹ்! சிறு வயதில் எங்களுக்குக் கவளம் கவளமாக ஊட்டியவர்களுக்கு, அதே பொறுமையோடு ஊட்டும் கைகளை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.